குப்பன் சீட்டு ஒரு விரற்கடை இறங்கிய விவகாரம்

பீர்க்கன்கரணை ஏரிக்கரை அம்மனுக்கு எதிரில் கற்பூரம் ஏற்றி, அதை உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் கையைக் கொண்டுபோவதற்கு முன்னாலேயே காற்றில் கற்பூரம் அணைந்துவிட்டது என்று பூசாரி சொல்வான். அவன் பேச்சை எடுத்துக்கொள்ளாதீர்கள். அவன் வாயைத் திறந்தால் கட்டுக்கதை.

இரண்டாயிரத்து எட்டு, கத்திரி வெயில். என் வீட்டுக்கும் குப்பன் வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே நெத்திலி வறுபட்டால் இங்கே எனக்கு வெறும் சோறு இறங்கும். அங்கே தும்மினால் இங்கே நான் 'நூறு' என்பேன்.

குப்பன் கோவளத்துக்காரன். ஆறடிக்கு மேல். உடம்பு கொஞ்சம், மீதி பூராவும் கால். தெருமுனையில் அவன் திரும்பினால் முதலில் முட்டி தெரியும், கொஞ்சம் பொறுத்து அவன் தெரிவான். விடியுமுன் சைக்கிளை எடுத்து வண்டலூர் கேளம்பாக்கம் ரோடு வழியாகக் கோவளம் போவான். படகு கரையேறியதும் மீன் எடுத்து, தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் கேரியரில் கட்டி, காலனிக்காரர்கள் பல் விளக்கி முடிப்பதற்குள் திரும்பிவிடுவான். அவன் பெண்டாட்டி பச்சையம்மா தெருத் திருப்பத்தில் அருவாமனையோடு உட்கார்ந்து அறுத்துக் கொடுப்பாள். சங்கராவோ வவ்வாலோ, அவள் கையில் செதில் பறக்கிற வேகத்துக்கு எதிரில் நிற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

அந்த வீட்டில் மூன்றாவது ஆள் வினோத்குமார், பச்சையம்மாவின் தம்பி. தாய் செத்தபோது இடுப்புக் குழந்தை. இவள்தான் தூக்கி வளர்த்தாள். 'நான் வந்தா எந்தம்பியும் வருவான், சம்மதம்னா தாலியக் கட்டு' என்று மணையிலேயே சொன்னவள். இப்போது அவனுக்கு மீசை முளைத்து, சிறுசேரி கம்பெனி ஒன்றில் செக்யூரிட்டி வேலை. ஆள் குள்ளம். கோபம் மட்டும் குப்பன் உயரம்.

எங்கள் ஊரில் ஞாயிற்றுக்கிழமை மீன் வியாபாரம் ஓய்ந்த பிறகு ஏரிக்கரை பம்பு ரூம் நிழலில் ஒரு கூட்டம் கூடும். சைக்கிள் பைத்தியங்கள். சாஃப்ட்வேர் பையன்கள், வாத்தியார்கள், பால்காரர், நான். கோணிச் சாக்கை விரித்து, கழற்றிய பெடல், பழைய ரிம், பிரேக் கட்டை, கியர் என்று பரப்பி வைத்து மாற்றிக்கொள்வோம். காசு கிடையாது. பார்ட்டுக்குப் பார்ட்டு. காசு என்று வாயெடுத்த ஒரு ஆளை ஏரியில் தள்ளினோம், மேலே வந்ததும் மரியாதையாக ஒரு மணி கொடுத்தார்.

இன்னொரு சட்டமும் உண்டு. ஒருத்தன் சீட்டின் உயரத்தை இன்னொருத்தன் மாற்றக்கூடாது. வண்டியை இரவல் வாங்கலாம், டயரைத் தேய்க்கலாம், மணியைக்கூடத் தொலைக்கலாம். சீட்டு போல்ட்டில் ஸ்பானர் வைத்தால் அது அவன் இடுப்பு வேட்டியில் கை வைத்த மாதிரி.

கூட்டத்துக்குப் பெரிய ஆள் அனந்தகிருஷ்ணன். தாம்பரத்தில் பாங்க் ஆபீசர். கத்திரிக்காய் வாங்கப் போனாலும் ஹெல்மெட். சட்டைப் பையில் கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை நூலோடு வைத்திருப்பார். எவன் வண்டியில் உட்கார்ந்தாலும் முட்டியிலிருந்து குண்டைத் தொங்கவிட்டு, 'ரெண்டு நூல் பின்னால போங்க' என்பார். போனால் வலி போகும். அதனால் அவர் வாக்கு வேதம்.

அவருக்குக் குப்பன் சைக்கிள்மேல் ஒரு கண். அது பழைய சீமை வண்டி. சீட்டைத் தாங்குகிற இரும்புத் தண்டு, சீட்டு பில்லர் என்போம், அதுவும் சீமைச் சரக்கு. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் பளபளவென்று ஒரு அலுமினியத் தண்டோடு வந்தார்.

"கையில புடிச்சுப் பாருங்க குப்பன். வெயிட்டே தெரியாது."

குப்பன் அதை மோந்து பார்த்தான். மீன்காரன் எதையும் மோந்துதான் பார்ப்பான்.

"இன்னா சார், காத்து கணக்கா கீது? நான் குந்துனா தாங்குமா?"

"யானை உக்காந்தாலும் தாங்கும்."

"யான இன்னா, டெய்லி கோவளம் போய்ட்டு வர்தா சார்?"

"ஃபாரின் ஐட்டம் குப்பன். உங்க பழசை எனக்குக் குடுங்க, கலெக்‌ஷன்ல வெச்சுக்கறேன். உங்களுக்கு வெயிட் கம்மி, முட்டிக்கும் நல்லது."

"எம் முட்டிக்கு இன்னா கேடு? சோக்கா கீது."

அன்றைக்கு சோக்காகத்தான் இருந்தது. தண்டு கைமாறியது. அனந்தகிருஷ்ணனே மாட்டினார். தண்டு குழாய்க்குள் நுழைகிற இடத்தில் பச்சையம்மா தன் நெயில் பாலிஷால் சிவப்பாக ஒரு கோடு போட்டாள். அதுதான் குப்பன் உயரம்.

இப்போது ஒரு விஷயத்தை உங்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அடி விழ ஆரம்பித்தால் அப்புறம் சொல்ல நேரமிருக்காது. குப்பன் வண்டி அங்குலக் கணக்கில் செய்தது. இந்தத் தண்டு மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. ஒரு நூல் மெலிசு. போல்ட்டை இறுக்கினால் பிடித்துக்கொண்ட மாதிரி தெரியும். குப்பன் மேலே உட்கார்ந்து மாம்பாக்கம் பள்ளங்களில் விழுந்து எழுந்தால், சத்தமில்லாமல் வழுக்கி இறங்கும். இது எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

அந்த வாரத்தில் ஒரு நாள் வினோத்குமார் வண்டியின் ஃபோர்க் உடைந்து, மாமன் வண்டியை எடுத்துக்கொண்டு டியூட்டிக்குப் போய்வந்தான். அதற்கப்புறம் குப்பனின் முட்டி வீங்கியது. முதலில் எலுமிச்சை, பிறகு சாத்துக்குடி, சனிக்கிழமை பார்த்தால் பலாப்பிஞ்சு. பச்சையம்மா நொச்சி இலையை வதக்கிக் கட்டினாள்.

"கண்ணு பட்டுச்சிய்யா. பளபளா தண்டப் போட்டுகினு ஊரு பூரா சுத்துன இல்ல?"

"கண்ணு பட்டா காய்ச்ச வரும்டி. முட்டியா வீங்கும்?"

"உனுக்கு ஒடம்புல வேற இன்னா கீது? கண்ணு வெச்சவன் முட்டிலதான் வெக்கணும்."

சொந்தச் சீட்டைச் சந்தேகப்படுகிற வழக்கம் குப்பனுக்குக் கிடையாது. சிவப்புக் கோடு இருக்கிறதா என்று அவன் குனிந்து பார்க்கவேயில்லை. ஞாயிற்றுக்கிழமை நொண்டிக்கொண்டே கரைக்கு வந்தான்.

"எங்க வலிக்கறது?" என்றார் அனந்தகிருஷ்ணன்.

"முட்டில சார்."

"முட்டிக்கு முன்னாலயா பின்னாலயா?"

"முன்னாட்டி."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "முன்னால வலிச்சா சீட்டு இறக்கம். பின்னால வலிச்சா ஏத்தம். ஏறி உக்காருங்க. குதிகாலைப் பெடல்ல வைங்க."

குதிகால் கீழே போனால் கால் விறைப்பாக நிற்க வேண்டும். குப்பன் கால் கதிரறுக்கிற அரிவாள்போல் வளைந்து நின்றது. அவர் தூக்குக்குண்டை விட்டார். குண்டு ஆடி அடங்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஏரியில் நீர்க்கோழிகூட முக்குளிக்காமல் காத்திருந்தது.

"ஒரு விரற்கடை இறங்கியிருக்கு."

குப்பன் குனிந்து பார்த்தான். சிவப்புக் கோடு இல்லை. குழாய்க்குள் போயிருந்தது.

"தானா இறங்குமா?" என்று நான்தான் கேட்டேன்.

"தானா எப்படி சார் இறங்கும்? போல்ட் எவ்வளவு டைட்டா இருக்கு பாருங்க. நான் மாட்டின தண்டு சார்!"

குப்பன் நிமிர்ந்தான். "டேய் மச்சான். வண்டிய நீதான எட்தும்போன?"

வினோத்குமார் ஒரு செயினை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தான். "எட்தும்போனேன். சீட்ட தொடல மாமா."

"பின்ன எப்டிரா எறங்குச்சி?"

"எனக்கின்னா தெரியும்? கால் எட்டாத பேஜாராயி, பார்ல தொங்கிகினே சிறுசேரி வரிக்கும் போனேன். ரெண்டு தொடையும் தேஞ்சி கீது. ஸ்பானர் வெச்சிருந்தா தேயுமா? காட்டட்டா?"

"காட்டாத," என்றோம் எல்லோரும்.

குப்பன் இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுத்தான். நிதானமாக சீட்டு போல்ட்டைத் தளர்த்தினான். அடிதடிக்குப் போகிறவன் முறையாக ஸ்பானர் போட்டு ஆயுதம் கழற்றுவதை அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் மரியாதையாகக் காத்திருந்தோம், வினோத்குமார் உட்பட. தண்டை சீட்டோடு உருவி, வாஷரைப் பத்திரமாகச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, முதல் அடியை மச்சான் காதுக்குக் கீழே போட்டான்.

இரண்டாவது அடி வாயில். முன்பல் ஒன்று பறந்துபோய் அனந்தகிருஷ்ணன் வண்டியின் பின் டயரில் ஏறியது. புஸ்ஸென்று காற்று இறங்கியது. பல்லை உருவி பேட்ச் ஒட்டியது நான்தான். அந்த பேட்ச் இன்னும் நிற்கிறது.

வினோத்குமார் ரத்தத்தைத் துப்பிவிட்டுக் காற்று பம்பை எடுத்தான். எடுத்தவன் தலைக்குக் குறிவைக்கவில்லை. வீங்கிய முட்டிக்கு வைத்தான். குப்பன் அலறிய அலறலில் பம்பு ரூம் கூரையிலிருந்த புறாக்கள் எழுந்தன. சைக்கிள் பைத்தியங்கள் விலக்கிவிடுவார்கள் என்று நினைத்தீர்களானால் உங்களுக்குச் சைக்கிள் பைத்தியங்களைத் தெரியாது.

"குப்பன், அலுமினியம் வளைஞ்சிடும்! அந்த ஸ்டீல் ஹேண்டில் பாரை எடுங்க!"

"வினோத்து, பம்பு வேணாம்ப்பா, வாஷர் போயிடும்!"

"இன்னும் கொஞ்சம் நுனியில புடிங்க குப்பன்," என்றார் அனந்தகிருஷ்ணன், "அப்பதான் தோள்பட்டைக்கு ஸ்ட்ரெயின் இருக்காது."

குப்பன் அவர் சொன்னபடி பிடித்தான். அடி நன்றாக விழுந்தது. இரண்டு பேரும் கட்டிப் புரண்டு கரைச் சரிவில் உருண்டு ஆகாயத்தாமரைக்குள் போனார்கள். ஆகாயத்தாமரை சிவந்தது. நாலு காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்துப் பிரித்தோம்.

பச்சையம்மா ஒரே சட்டியில் மஞ்சள் பற்று காய்ச்சி இரண்டு பேருக்கும் போட்டாள். சுவருக்கு இப்பால் நான் நெத்திலிக் குழம்பை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தேன். அன்று அடுப்பில் குழம்பு ஏறவில்லை.

"சீட்டுக்கோசரமா? ஒரு சீட்டுக்கோசரமாயா எந்தம்பி பல்ல ஒட்ச்ச?"

"சீட்டு இல்லடி. தொட்டுட்டுத் தொடலன்றான் பாரு, அதான் எனக்கு. இனிமே இந்த வூட்ல ஒண்ணு நானு, இல்ல அவன். நீயே சொல்லு."

"நான் இன்னாய்யா சொல்றது? பொறந்த வூடுன்னு எனக்கு இவன் ஒருத்தன்தான் கீறான். நான் செத்தா கோடித்துணி எட்தாற வேற நாதி ஏது?"

குப்பன் வீங்கிய முட்டியைத் தடவினான். பிறகு, "சரி. தொட்டேன்னு ஒத்துக்கினு மாப்பு கேக்கச் சொல்லு. உட்டுர்றேன்" என்றான்.

அவள் தம்பியிடம் வந்தாள். குரல் தாழ்ந்துவிட்டது, இருந்தாலும் ஒற்றைச் செங்கல் சுவர் அல்லவா? "டேய் கண்ணு. தொட்டேன்னு சொல்லிட்றா. ஒரு வார்த்த. முடிஞ்சி பூடும்."

"செய்யாதத்த எப்டிக்கா சொல்றது?"

"அக்காவுக்கோசரம் சொல்லேன்டா."

"நீயும் நான்தான்னு நெனிக்கிறியா?"

அவள் பற்றுச் சட்டியைச் சுரண்டுகிற சத்தம் கேட்டது. அவன் வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு வெளியே போய்ப் படுத்துக்கொண்டான்.

குப்பன் சீட்டைக் கோட்டுக்கு ஏற்றினான். கோவளம் போய்வந்தால் மறுபடி இறங்கியிருந்தது. சைக்கிளை வீட்டுக்குள் கொண்டுபோய்க் கட்டில் காலோடு சேர்த்துப் பூட்டினான். இறங்கியது. சீட்டோடு தன் கால் கட்டைவிரலையும் சேர்த்துக் கயிறு கட்டித் தூங்கினான். அப்போதும் இறங்கியது. பூட்டை எப்படித் திறந்தான், கயிற்றை எப்படி அவிழ்த்தான் என்பதுதான் குப்பனின் யோசனையே ஒழிய, யார் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. போகிற வழியில் இறங்கும் என்று நினைக்க அவனால் முடியவில்லை. போல்ட் டைட்டாக இருந்தது. அனந்தகிருஷ்ணன் சொல்லியிருந்தார்.

அப்புறம் மாம்பாக்கம் டீக்கடை. கோவளத்திலிருந்து திரும்பும் வழியில் முட்டி வலி தாங்காமல் அங்கே இறங்கினான். குனிந்து பார்த்தான், கோடு இல்லை. நிமிர்ந்து பார்த்தான், எதிரே டியூட்டி முடித்து வந்த வினோத்குமார் பொறையை டீயில் நனைத்துக்கொண்டிருந்தான். குப்பனுக்கு வேறு சாட்சி வேண்டியிருக்கவில்லை.

"ரோட்லகூட வந்து எறக்குறியாடா பேமானி!"

தெர்மாகோல் பெட்டியைத் திறந்து வஞ்சிரம் ஒன்றை வாலைப் பிடித்து உருவினான். விடியலிலிருந்து ஐஸில் கிடந்த மீன், உலக்கை மாதிரி விறைத்திருந்தது. முதல் வீச்சில் டீ கிளாஸ் வரிசை பூராவும் போயிற்று. இரண்டாவது வீச்சில் வினோத்குமாரின் காறை எலும்பு. அவன் சும்மாவா இருப்பான்? பையில் வைத்திருந்த சைக்கிள் செயினை மணிக்கட்டில் சுற்றி விசிறினான். குப்பன் கன்னத்தில் செயின் கண்ணி ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிந்தது. கொதிக்கிற பாய்லர் சாய்ந்து இரண்டு பேர் காலையும் வேகவைத்தது. கேளம்பாக்கம் பஸ் நின்றது, டிரைவர் இறங்கினார், கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு ஊத மறந்தார். அந்த நேரம் வண்டலூர் ஜூவில் சிங்கங்கள் எல்லாம் ஒரே குரலில் கர்ஜித்தன. பசிக்கு இல்லை, மரியாதைக்கு.

மீன் செதில் பூராவும் வினோத்குமார் முகத்தில் ஒட்டிக்கொண்டு வெயிலில் மினுங்கியது. "தொடலடா! தொடலடா!" என்று கத்திக்கொண்டே அடி வாங்கினான். மாமா என்கிற வார்த்தை அன்றோடு போயிற்று. அந்த வஞ்சிரத்தை அன்று மதியம் நான்தான் வாங்கி வறுத்தேன். அடித்த மீன் மெத்தென்று இருக்கும், முள் தனியாகக் கழன்றுவரும்.

சாயங்காலம் வினோத்குமார் கழுத்தில் தூளிக்கட்டோடு துணிமணி எடுக்க வந்தான். பச்சையம்மா முற்றத்தில் அருவாமனையில் காரப்பொடி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்தும் புழுக்கம் தாழவில்லை. மரத்தில் ஒரு இலை அசையவில்லை.

"எங்கடா போற? குந்து. சோறு துண்ணு."

"வாணாங்கா."

"எங்க போவ?"

"எங்கனா."

உள்ளேயிருந்து குப்பன் வந்தான். கையில் சீட்டோடு தண்டு. "போறதுக்கு மின்னாடி ஒத்துக்கினு போ."

"இன்னாத்த ஒத்துக்கறது? தொடல."

"சொல்லுடா!"

"தொடல!"

குப்பன் ஓங்கினான். பச்சையம்மா எழுந்து குறுக்கே வந்தாள். முற்றின முருங்கைக்காயை ஒடித்த மாதிரி ஒரு சத்தம் சுவருக்கு இப்பால் எனக்குக் கேட்டது. அவள் இடது முன்கை. இதை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. அவள் கத்தவில்லை. தொங்குகிற கையை வலது கையால் ஏந்திக்கொண்டு, ஏதோ அடுத்த வீட்டுக் குழந்தையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்தாள்.

"எங்கக்காவையா அடிச்ச?"

வினோத்குமாருக்கு ஒரு கைதான் வேலை செய்தது. அது போதுமாக இருந்தது. செயினைக் குப்பன் கழுத்தில் போட்டுப் பின்னாலிருந்து முட்டியை முதுகில் கொடுத்து இழுத்தான். அந்த நெட்டை உடம்பு மண்டியிட்டது. முகம் கருத்தது, பிறகு கத்திரிக்காய் நிறமானது, நாக்கு வெளியே வந்தது. நான் சுவர் ஏறிக் குதித்து இரண்டு கையாலும் அவன் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு உதை விட்டான், கோழிக்கூண்டுக்குள் போய் விழுந்தேன்.

"வுட்றா! செத்துருவான்டா!"

"சாவட்டும்!"

"வுட்றா கண்ணு! உன் கால்ல வுழறேன், வுட்றா!"

அவன் விடவில்லை. குப்பன் கால் தரையைத் தேய்ப்பது நின்றது. பச்சையம்மா ஒற்றைக் கையால் அருவாமனையைத் தூக்கினாள். பலகைப் பக்கம் படும்படிதான் அவள் போட்டாள் என்று நான் எந்தக் கோர்ட்டிலும் சொல்வேன். ஆனால் ஈரக்கை, மீன் வழுவழுப்பு, பலகை கையில் திரும்பிவிட்டது. செயின் நழுவியது. காரப்பொடிக்கு நடுவில், செதிலோடு செதிலாக, வினோத்குமாரின் சுண்டுவிரல் கிடந்தது.

அவன் கையைப் பார்த்தான். பிறகு அக்காவைப் பார்த்தான்.

"யக்கா. நீயா?"

அவன் கழுத்துக் கட்டை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு, துணிப் பையை விட்டுவிட்டு, தெருவில் இறங்கி நடந்தான். ஓடவில்லை. நான் விரலை ஐஸில் போட்டு எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் வரை ஓடினேன். கூட்டம் இருந்தது, அவன் இல்லை.

திரும்பி வந்தபோது குப்பனுக்கு மூச்சு வந்திருந்தது. முதல் வார்த்தை, "சீட்டு எங்கடி?"

பச்சையம்மா நல்ல கையால் அவனை ஒரு அறை விட்டாள். அவன் அப்படியே மறுபடி படுத்துக்கொண்டான்.

குப்பனால் எழுந்து நிற்க முடியவில்லை. மீன் எடுக்க ஆள் வேண்டும். கையில் மூங்கில் பத்தையும் முட்டைப் பற்றும் கட்டிக்கொண்ட பச்சையம்மா, விடியலில் சைக்கிளை வெளியே தள்ளினாள்.

"பெர்சு, சீட்ட என் ஒசரத்துக்கு எறக்கி இறுக்கிக் குடு."

"இந்தக் கையோடயா? வேணாம்மா."

"வூட்ல ஒலை வெக்கணும் பெர்சு."

இறக்கினேன். ஸ்பானரில் ஏறி நின்றே இறுக்கினேன். அவள் புதிதாக ஒரு கோடு போட்டாள். சேலையை வரிந்து கட்டி, ஒற்றைக் கையால் ஹேண்டிலைப் பிடித்து, கோவளம் குப்பத்துப் பெண் வேறெப்படி ஓட்டுவாள், அப்படி ஓட்டினாள். வெயில் ஏறுவதற்குள் பெட்டி நிறைய சங்கராவோடு திரும்பி வந்து என் வாசலில் நிறுத்தினாள். கீழே இறங்கியவள் முட்டியைத் தடவினாள். தடவிய கை நின்றது. குனிந்தாள்.

கோடு இல்லை.

ரொம்ப நேரம் அவள் நிமிரவில்லை. மீன் பெட்டியிலிருந்து ஐஸ் தண்ணீர் சொட்டி அவள் பாதத்தை நனைத்தது. குப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தான்.

"இன்னாடி?"

"நான்தான் போனேன். நான்தான் வந்தேன். நடுவால எங்கயும் எறங்கல." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "யாருய்யா தொட்டா?"

குப்பன் குழாயையும் தண்டையும் பார்த்தான். சீட்டைப் பிடித்து, உள்ளங்கையால் மேலிருந்து ஓங்கி ஒரு குத்து விட்டான். போல்ட் டைட்டாக இருக்க, சீட்டு எங்கள் கண்ணெதிரிலேயே ஒரு நூல் இறங்கியது. அவன் போய்ச் சுவரில் தலையை முட்டினான். திரும்பத் திரும்ப முட்டினான். என்னால் பிடிக்க முடியவில்லை. ஒற்றைச் செங்கல் சுவர், நாலாவது முட்டுக்கே விழுந்தது. தலையிலிருந்து ரத்தம் கண்ணில் வழிய, அவன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்தான்.

அன்றே நொண்டிக்கொண்டு சிறுசேரி போனான். கேட்டில் கேட்டான், கேன்டீனில் கேட்டான். வேலையை விட்டுவிட்டான் என்றார்கள். கோவளத்தில் படகு படகாகக் கேட்டான். ஒருத்தரும் பார்க்கவில்லை.

விஷயம் கேள்விப்பட்டு அனந்தகிருஷ்ணன் வந்தார். ஹெல்மெட் இல்லாமல் அவர் தலையை அன்றுதான் பார்த்தேன். பழைய இரும்புத் தண்டைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பச்சையம்மா மீன் கடையை விட்டு எழுந்திருக்கவில்லை.

"அளந்து பார்த்தேம்மா. ஒரு நூல் வித்தியாசம். மாட்டறதுக்கு முன்னால நான் பார்த்திருக்கணும். தானா இறங்காதுன்னு வேற சொன்னேன்." தண்டை நீட்டினார். "இதாலயே என்னை ஒரு அடி அடிச்சுடுங்க."

அவள் வாங்கினாள். வலது கையில் தூக்கிக் கனம் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். குப்பன், நான், மீன் வாங்க வந்த இரண்டு பெண்கள், எல்லோரும் அடி விழும் என்றுதான் நின்றோம். விழுந்திருந்தால் எனக்கும் ஆறுதலாக இருந்திருக்கும்.

அவள் தண்டைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்தாள். அருவாமனையை இழுத்துக் காலால் மிதித்துக்கொண்டாள். ஒரு சங்கராவை எடுத்துச் செவுளைக் கிள்ளினாள்.

"ரோசக்காரன் சார் அவன். செய்யாதத்த செஞ்சேன்னு சொல்லுடான்னு நானே கேட்டேன். எந்த ஊர்ல கீறான்னு போய் தேடுவேன்?"

எல்லோருக்கும் யோசனை சொல்கிற அனந்தகிருஷ்ணன் தூக்குக்குண்டை எடுத்து, மறுபடி சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டார். பச்சையம்மா ஒற்றைக் கையால் மீனை அறுத்தாள், அறுத்துக்கொண்டே இருந்தாள், செதில் பறந்து அவர் சட்டையெல்லாம் ஒட்டிற்று.